போளூரில் இறங்காத சம்பந்திகள்

1

போன செவ்வாய்க்கிழமை ஜெர்மன் அரசாங்கம் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தது. "மதிப்பிற்குரிய திருமதி விஜயா அவர்களே, தங்கள் உடல்நிலையில் முன்னேற்றம் ஏற்பட்டிருப்பின் தாமதமின்றித் தெரிவிக்கவும்." என் சொந்தத் தாய்மாமன்கூட இத்தனை மரியாதையாக என்னை நலம் விசாரித்ததில்லை. கண்கூடக் கலங்கப் பார்த்தது. பிறகு இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். முன்னேற்றம் இருந்தால் கொடுத்த அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம்.

அது ஊனமுற்றோர் அட்டை. என் பெயருக்குக் கீழே ஐம்பது சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. மீதி ஐம்பது சதவீதம் நான் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். எந்தப் பாதி என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடிதத்தோடு எட்டுப் பக்கப் படிவம் வேறு. சாவியைத் திருப்ப முடிகிறதா, புட்டி மூடியைத் திறக்க முடிகிறதா, தலை வார முடிகிறதா என்று கேள்விகள். இட்லித் துணியை உதறிப் பிழிய முடிகிறதா என்று ஒரு வரி இல்லை. என் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே எனக்கு மார்க் போடுகிறார்கள்.

எனக்கு இருப்பது முடக்கு வாதம். வயதானால் முழங்கால் தேய்கிறதே, அது வேறு. இது உடம்பின் காவல்காரனே புத்தி பிசகி வீட்டு ஆட்களை அடிக்கிற நோய். இருபது வயதில் வரும், நாற்பதிலும் வரும். பெண்கள் என்றால் அதற்குத் தனிப் பிரியம். காலையில் எழுந்தால் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மடங்காது. கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பம் இந்த நோயை இரண்டு நாடுகளில் சுமக்கிறது. ஜெர்மனியில் நான், திருவண்ணாமலையில் என் அக்கா சரோஜா. ஒரே அப்பா அம்மா, ஒரே நோய். மற்றதெல்லாம் வேறு. ஊரில் இருக்கிறவர்கள் "உனக்கென்ன, வெளிநாடு" என்று ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

2

கல்யாணமாகி 1989இல் இங்கே வந்தேன். நோய் வந்தது ஐந்து வருடம் கழித்து. முதல்முறை மூட்டு மருத்துவரைப் பார்க்கப் போன நாளை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எங்கள் ஊரில் எப்படிப் போவோம்? குளித்து, நல்ல புடவை கட்டி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டுதான். நாலு பேர் பார்க்கிற இடம். நானும் அப்படியே போனேன். விரல் வீங்கியிருந்ததால் புடவைக்கு ஊக்கு குத்த முடியவில்லை, மடிப்பு நிற்கவில்லை. அதற்காக முந்தின நாளிலிருந்தே வலி மாத்திரையை விழுங்கி, காலையிலும் ஒன்று கூடுதலாகப் போட்டு, வீக்கத்தையெல்லாம் வடியவைத்து, பளிச்சென்று போய் நின்றேன். மருத்துவர் எழுந்து கைகொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே அழுத்திக் குலுக்கினேன். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். "நன்றாக இருக்கிறேன், நன்றி" என்றேன். அப்படித்தானே பதில் சொல்வோம்? யார் கேட்டாலும் நல்லாருக்கேன் என்பதுதானே மரியாதை?

அவர் அதை எழுதிக்கொண்டார். "நோயாளி நலமாக உள்ளார். மூன்று மாதம் கழித்து வரவும்."

இப்படி நான்கு தடவை. ஒரு வருடம் போனது. கடைசியில் செவிலி ஒருத்தி, காத்திருக்கும் அறையில் நான் கோட்டுப் பொத்தானைப் பல்லால் கழற்றுவதைப் பார்த்துவிட்டாள். "அடுத்த முறை மாத்திரை போடாதே. தலை வாராதே. அழுதுகொண்டு வா" என்றாள். அப்படியே போனேன். பரட்டைத் தலையோடு, வீங்கிய கையோடு, பழைய ஸ்வெட்டரோடு. மருத்துவருக்கு அன்றைக்குத்தான் என்னைப் பிடித்தது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரையை எழுதிக்கொடுத்து, மாதாமாதம் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஆறு மாதத்தில் மறுபடியும் சப்பாத்தி மாவு பிசைந்தேன். ஆனால் வீணாய்ப் போன அந்த வருடத்தில் வலது கையில் இரண்டு விரல் சாய்ந்துவிட்டது. அது சாய்ந்ததுதான்.

3

மாத்திரையோடு விடுவார்களா? மூன்று வாரம் சிகிச்சைக்கு ஒரு மலையடிவார ஊருக்கு அனுப்பினார்கள். செலவெல்லாம் காப்பீடு பார்த்துக்கொண்டது. காலையில் கழுத்துவரை சூடான கருப்புச் சேற்றில் படுக்க வைத்தார்கள். எங்கள் ஊர் எருமைகள் டாக்டர் சீட்டு இல்லாமலே தினமும் செய்துகொள்கிற வைத்தியம். சாயங்காலம் ஒரு பாட்டுக் கச்சேரி, பிறகு மலையைச் சுற்றி மெதுநடை. சுற்றி வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மலையைச் சுற்றவா எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தேன்?

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"சேத்துல படுக்க வெச்சாங்களா? காசு குடுத்தா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் இப்ப கை வலி கொஞ்சம் ஜாஸ்தியா கீது விஜி. காலையில டம்ளர் பிடிக்க முடியல. பதினோரு பௌர்ணமி வெறுங்காலோட சுத்தினா விட்டுடும்னு சொல்றாங்க. சுத்திக்கினு இருக்கேன்."

வீங்கிய முழங்காலோடு, பதினாலு கிலோமீட்டர். ஐந்தாவது பௌர்ணமியில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் நடக்க முடியாமல் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். அங்கே ஒரு வெள்ளைக்காரி சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஜெர்மன்காரி. செங்கம் ரோட்டில் அறை எடுத்து மூன்று மாதமாகத் தங்கியிருக்கிறாளாம். அவளுக்கும் மூட்டு நோய். ஜெர்மனியில் மருந்து சரியில்லை என்று எங்கள் ஊர் மலையைச் சுற்ற வந்திருக்கிறாள். "உங்க ஊர்க்காரியே இங்க வந்துட்டா, நீ அங்க போயி சேத்துல படுத்துக்கினு கீற" என்றாள் அக்கா. அந்த ஜெர்மன்காரி வரும்போது பெட்டி நிறைய ஜெர்மன் மாத்திரையும் கொண்டுவந்திருப்பாள், அதை அவள் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாள் என்று அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பேன்?

இங்கே மருத்துவமனையில் ஒரு சிறு புத்தகம் வைத்திருப்பார்கள். இந்த நோயால் தேசத்துக்கு ஏற்படும் சுமை என்று தலைப்பு. எத்தனை வேலை நாள் வீண், எத்தனை பேர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள் என்று பட்டை பட்டையாகப் படம். நான் லீவு போட்ட நாட்களும் அந்தப் பட்டையில் எங்கோ இருக்கின்றன. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அக்கா எந்தப் பட்டையில் இருக்கிறாள்? நாலரை மணிக்கு எழுகிறாள். வாசல் தெளிக்கிறாள், மாவரைக்கிறாள், ஏழு பேருக்குச் சமைக்கிறாள், துவைக்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது, அதனால் வேலை நாள் இழப்பும் கிடையாது. இந்தியாவில் இந்த நோயின் சுமை ரொம்பக் கம்மி என்று எந்தப் புண்ணியவானாவது எழுதினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். போளூர் ரோட்டில் அவள் வீட்டுக் கதவை யாரும் தட்டிக் கேட்டதே இல்லை.

4

2000இல் அக்கா மகள் சுமதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு கீழ்பென்னாத்தூர். நிலம் உண்டு, பையன் வாத்தியார், நல்ல குணம். பத்து வயது மகள் மீராவைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.

அக்கா வாசலுக்கு வந்தாள். முகம் உருண்டையாக உப்பியிருந்தது. கன்னம் மின்னியது. தெருவே அவளைப் பாராட்டியது. "சரோஜா இப்பத்தான் சதை போட்டு லட்சணமா கீறா, பொண்ணு கல்யாணக் களை" என்றார்கள். எனக்குத் தெரியும் அது என்ன களை என்று. பஜாரில் ஒருவர் வாரத்துக்கு ஒரு பொட்டலம் கொடுக்கிறார், பேர் இல்லாத வெள்ளை மாத்திரை. போட்டால் வலி பறந்துவிடும், முகம் ஊதும், எலும்பு உள்ளே உளுத்துப்போகும், நோய் பாட்டுக்கு விரலைத் தின்றுகொண்டிருக்கும். ஸ்டீராய்டு.

"அக்கா, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. எனக்குக் குடுக்குற அதே மாத்திரை இங்கயும் கெடைக்குது. தேரடித் தெரு மருந்துக் கடையில கேட்டுட்டேன். விலையும் கம்மிதான்."

"பைத்தியமாடி உனக்கு? வேலூர் பஸ்ஸுல நம்மூர்க்காரங்க நூறு பேர் போவாங்க. பொண்ணோட அம்மாவுக்கு முடக்கு வாதம்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் வரும்னு எழுந்து போயிட மாட்டாங்க? கல்யாணம் முடியட்டும்."

"வரணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லக்கா. முக்கால்வாசிப் பேருக்கு வராது."

"அதை அவங்களுக்கு ஜெர்மன்ல சொல்லு. இப்ப நீ கையை முந்தானைக்குள்ள வெச்சுக்கோ. ரெண்டு பேரையும் சேர்த்துப் பாத்தாங்கன்னா முடிஞ்சுது."

வைத்துக்கொண்டேன். ஐம்பது சதவீத அட்டையைப் பையில் வைத்திருக்கிறவள், புத்தகம் படித்தவள், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் அம்மாவும் பையனின் அம்மாவும் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பித்தளைத் தட்டு, தேங்காய், பழம், மஞ்சள், புடவை, நல்ல கனம். பையனின் அம்மா கஸ்தூரி எழுந்து வந்தார். அப்போதுதான் கவனித்தேன். அவருக்கும் உருண்டை முகம். மின்னும் கன்னம். "பாருங்களேன், ரெண்டு சம்மந்தியும் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே சாயல்!" என்று யாரோ பூரித்தார்கள். ஒரே சாயலாம். ஒரே பொட்டலம்!

அக்கா தட்டைப் பிடிக்கவில்லை. உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, முழங்கையால் தாங்கி ஏந்தினாள். கஸ்தூரியும் அப்படியே ஏந்தினார். இரண்டு பேரும் வாங்க விரல் நீட்டவில்லை. இரண்டு தட்டும் நடுவில் நின்றன. "மாத்துங்கம்மா, மாத்துங்க, நேரம் போவுது" என்று ஐயர் அவசரப்படுத்தினார். ஆளுக்கொரு பக்கம் முட்டுக் கொடுத்தார்கள். ஒரு தட்டு சாய்ந்தது. தேங்காய் கீழே விழுந்து உருண்டு பாய்க்கு வெளியே போய் நின்றது.

கூடம் அப்படியே உறைந்துபோனது. அபசகுனம் என்று எல்லோர் வாயிலும் வந்து நின்றது. அந்த அமைதியில் மீரா தன் மழலைத் தமிழில் சத்தமாகச் சொன்னாள்: "அம்மா, அந்த ஆன்ட்டிக்கும் ரோய்மா. உங்களுக்கு மாதிரி. பெரியம்மாக்கு மாதிரி." இங்கே இந்த நோய்க்கு அதுதான் பெயர். அவளுக்கு அதைச் சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு உண்டு, டீச்சருக்கு உண்டு, தும்மல் மாதிரி ஒன்று.

"பாப்பா இன்னா சொல்லுது?" என்றார் கஸ்தூரி.

"தேங்காயைத்தாங்க சொல்றா. ஜெர்மன்ல அப்படிச் சொல்லுவாங்க" என்றேன் நான்.

ஐயர் கெட்டிக்காரர். "தேங்கா உடையல பாருங்கோ, உருண்டுதான் போச்சு. குடும்பம் தழைச்சு ஓடும்!" என்று அடித்துவிட்டார். கூடம் மூச்சுவிட்டது. ஆனால் கஸ்தூரி என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. மூன்று பேரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

மீரா சிரிக்கவில்லை. தேங்காய்க்கு ஜெர்மனில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா முகத்துக்கு நேரே பொய் சொல்வதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். திரும்பி வந்தபின் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளைகள் வெளிநாட்டில் கெட்டுப்போகிறார்கள் என்று நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிப் புலம்புகிறோம். என் பிள்ளை தள்ளிப் போனது எந்த நாட்டில் என்று எனக்குத் தெரியும்.

5

கல்யாணம் முடிந்தது. "இப்பவாவது போக்கா" என்றேன். "சம்மந்தி வீட்டுல தெரிஞ்சா சுமதியைக் குத்திக் காட்டுவாங்க" என்றாள். "அந்தம்மாவுக்கே இருக்குதேக்கா!" "அதனாலதான். நான் வாயைத் தொறந்தா அவங்க மானம் போவும். அவங்க தொறந்தா என் மானம் போவும்." அமெரிக்காவும் ரஷ்யாவும் இப்படித்தான் குண்டு வைத்துக்கொண்டு நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார்கள்.

2002இல் ஒரு நாள் அக்காவால் தாலிச் சரட்டைக்கூடச் சரிசெய்ய முடியவில்லை. வீட்டுக்காரரிடம் போளூரில் ஒரு துக்கம் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். விடியற்கால வேலூர் பஸ். ஏறி உட்கார்ந்தால் முன் சீட்டில் கஸ்தூரி.

"எங்க சம்மந்தியம்மா இவ்ளோ காலையில?"

"போளூர் வரைக்குங்க. ஒரு துக்கம். நீங்க?"

"நானும் போளூர்தாங்க. ஒரு கல்யாணம்."

கண்டக்டர் வந்தார். இரண்டு பேரும் காதோடு காதாகச் சீட்டு வாங்கினார்கள். பஸ் போளூரில் நின்றது. "போளூர் எறங்கு, போளூர் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். கஸ்தூரி கூரையைப் பார்த்தார். ஒருவர் இறங்கட்டும் என்று மற்றவர் காத்திருந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

"தோ பாரும்மா, உங்களுக்கு வேலூர்தானே? ரெண்டு டிக்கெட்டும் வேலூர்தானே குடுத்தேன்? அப்புறம் ஏன் போளூர்ல ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?" என்றார் கண்டக்டர், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

கண்ணமங்கலம் வந்தது. பிறகு கஸ்தூரிதான் எழுந்து வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தினி வருஷமாங்க?" என்று கேட்டார். அக்கா சொன்னாள். "எனக்கும் அப்படித்தாங்க" என்றார். வேலூர் வரும்வரை இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். சுமதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் விரலைப் பற்றித்தான். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு டாக்டர் சொன்னதையும் சொன்னாள். நோயை இனிமேல் பிடித்து நிறுத்தலாம், வலி குறையும். பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் வளைந்தது வளைந்ததுதான். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்தக் கையைக் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றாராம். இரண்டு வருடம் முன்னால் நான் அவள் பக்கத்தில்தான் முந்தானையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு மானம் பெரிதாகத் தெரிந்தது, அதை மன்னிக்கலாம். எல்லாம் தெரிந்த எனக்கு என்ன கேடு வந்தது? அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பொம்பளை தன் கையை எடுத்து நடுக்கூடத்தில் காட்டியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அப்போதும் அவர்கள் வீட்டில் சொல்லவில்லை. மாதம் ஒரு நாள் சம்பந்திகள் சேர்ந்து கோயிலுக்குப் போகிறார்கள் என்று ஏற்பாடு. இரண்டு வீட்டு ஆண்களும் அந்த ஒற்றுமையை மெச்சிக்கொண்டார்கள். கட்டிக்கொடுத்த சுமதிக்கும் ஒன்றும் தெரியாது. அவள் எதிரில் இருவரும் முந்தானையை எடுப்பதே இல்லை.

6

2006இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுமதி போன் செய்தாள். அவளாகப் போன் செய்வது அதுதான் முதல்முறை.

"சித்தி, காலையில விரலை மடக்க முடியல. ஒரு மாசமா. மணிக்கட்டு வீங்கியிருக்குது. எழுதும்போது பேனா நழுவுது. உங்களுக்கு இந்த மாதிரின்னு மீரா ஒருவாட்டி சொன்னா, அதான் கேக்குறேன்."

"வீட்டுல சொன்னியா?"

"ஐயோ, வேணாம் சித்தி. அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவாங்க. அத்தைக்குத் தெரிஞ்சா, நோயோட பொண்ணைக் கட்டிவெச்சுட்டாங்கன்னு அம்மாவைப் பேசுவாங்க. வலி மாத்திரை போட்டு சமாளிச்சுக்கினு இருக்கேன். சத்தியமா யாருகிட்டயும் சொல்லாதீங்க."

சத்தியம் செய்தேன். போனை வைத்தேன். வைத்த கையோடு அக்காவுக்குப் போட்டேன்.

சுமதி சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். "எத்தினி நாளா?" என்றாள். ஒரு மாதம் என்றேன். "வை போனை" என்றாள்.

நடந்ததை மாப்பிள்ளைதான் பிறகு சொன்னார். மறுநாள் விடிந்ததும் அக்கா கீழ்பென்னாத்தூரில் போய் இறங்கியிருக்கிறாள். அங்கே சுமதி அடுப்படியில் நின்றுகொண்டு பால் பாத்திரத்தை இரண்டு முழங்கையாலும் தூக்கிக்கொண்டிருந்தாளாம். அக்கா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு எதிரில், அவர் அப்பாவுக்கு எதிரில், முந்தானையை உதறிவிட்டு இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள்.

"பாரு. நல்லாப் பாரு. உன் கல்யாணத்துக்காக மறைச்சு வெச்ச கை இது."

கஸ்தூரி வந்து பக்கத்தில் நின்றார். தன் கைகளையும் நீட்டினார். சுமதி நான்கு கையையும் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். மாப்பிள்ளை சட்டையைக்கூட மாட்டாமல் வேன் பிடிக்க ஓடினார்.

வேலூரில் டாக்டர் சுமதியின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். குழந்தை பெறும் யோசனை இருக்கிறதா என்று கேட்டு, அதற்குத் தகுந்த மருந்தாகத் தேடி எழுதினார். எலும்பில் இன்னும் ஒரு கீறல்கூட இல்லை, கை இப்படியே இருக்கும், பயப்படாதே என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "எங்ககிட்ட வர்ற பொம்பளைங்க எல்லாம் விரல் கோணினதுக்கு அப்புறம்தான் வராங்க. நீ எப்படிம்மா இவ்ளோ சீக்கிரம் வந்துட்ட?" என்று கேட்டார்.

சுமதி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பின்னால் கஸ்தூரியோடு நின்ற அக்காதான் சொன்னாளாம்.

"நாங்க ரெண்டு பேரும் லேட்டா வந்தோம் சார். அதனாலதான்."